வரப்போகிற காமிக்ஸ்: அறிவிப்புப் பக்கத்தில் எதைப் பார்ப்பது?



இனி வரப்போகிற காமிக்ஸ்களில் எவற்றை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பெயர்களைக் கட்டாயம் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன். அது தெரிந்தால்தான் பெயர்களுக்குப் பொருள் இருக்கும்.

ஒரு நாவலோ கவிதைத் தொகுப்போ வெளிவந்த பிறகு மெதுவாகத் தன் வாசகரைத் தேடிக்கொள்ளும். பத்து வருடம் கழித்து யாரோ கண்டெடுத்துப் பேச, மறுபதிப்பு காணும். மாதா மாதம் இதழாக வருகிற காமிக்ஸுக்கு அந்த அவகாசம் கிடையாது. அச்சுக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே அது எத்தனை நாள் வாழும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் வாசகருக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மில் பலர் அந்தப் பங்கைச் செலுத்தாமலே இருந்துவிட்டு, பிடித்த தொடர் நின்றுபோன பிறகு வருந்துகிறோம்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை காமிக்ஸ் விற்றது பத்திரிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும். சுழலும் கம்பி ஸ்டாண்டில் செருகி வைத்திருப்பார்கள். விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பித் தரலாம். முழுப் புத்தகத்தையும் அனுப்ப வேண்டியதில்லை; அட்டையையோ அட்டையின் மேல்பகுதியையோ கிழித்து அனுப்பினால் போதும், கணக்கில் கழித்துக்கொள்வார்கள். பிறகு அதுகூடத் தேவையில்லை, இத்தனை பிரதி விற்கவில்லை, அழித்துவிட்டோம் என்று விநியோகஸ்தர் எழுதிக் கொடுத்தாலே போதும் என்றாயிற்று. அழித்ததாகச் சொன்ன கட்டுகள் பின்வாசல் வழியாக விற்பனைக்குப் போனதும் உண்டு. எந்தக் கதைக்கு எத்தனை பேர் என்று பதிப்பகத்துக்குத் தெரியவே மாதக்கணக்காகும். தெரிந்த கணக்கையும் நம்ப முடியாது.

இதை மாற்றியவர் பில் சூலிங். புரூக்ளினில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நியூயார்க்கில் காமிக்ஸ் மாநாடுகள் நடத்தி வந்தவர். அவர் பதிப்பகங்களிடம் போய் ஒரு யோசனை சொன்னார். காமிக்ஸ் மட்டுமே விற்கிற கடைகளுக்கு நேரடியாகக் கொடுங்கள். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கழிவைக் கூட்டிக் கொடுங்கள். விற்காததைத் திருப்பித் தர மாட்டோம். பதிப்பகங்களுக்கு இது வரமாகத் தெரிந்தது. எவ்வளவு அச்சடிக்க வேண்டும் என்பது அச்சடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். 1981இல் மார்வல் நிறுவனம் 'டாஸ்லர்' என்ற புதிய தொடரின் முதல் இதழை இந்தக் கடைகளுக்கு மட்டுமே கொடுத்துப் பார்த்தது. நாலு லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு கடைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். மாதம் ஒருமுறை தடிமனான ஒரு விலைப்பட்டியல் வரும். அதில் இருப்பவை ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து வெளியாகப்போகும் இதழ்கள். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஓர் அட்டைப்படம், நாலைந்து வரி, எழுத்தாளர், ஓவியர் பெயர், விலை. இதை வைத்துக்கொண்டு அவர் எண்ணிக்கை எழுத வேண்டும். விலையில் பாதி அவருக்குக் கழிவு என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பிரதி வாங்கி ஐந்து விற்றால் போட்ட பணம் வந்தது, அவ்வளவுதான். நாலு விற்றால் நஷ்டம். மீதியெல்லாம் அவருடைய சொந்தச் சொத்து. கடை வாடகையும் மின்கட்டணமும் அந்தப் பணத்தில்தான் வர வேண்டும்.

பெயர் தெரியாத ஒரு எழுத்தாளரின் புதிய தொடர் என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? இரண்டு பிரதி போடுவார். அல்லது போடவே மாட்டார். முதல் இதழ் கடைக்கு வருவதற்குள் இரண்டாவது இதழுக்கும் மூன்றாவது இதழுக்கும் எண்ணிக்கை கேட்டு அடுத்தடுத்த பட்டியல்கள் வந்துவிடும். முதல் இதழை ஒருவரும் படிக்காத நிலையில் மூன்றாவது இதழுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ஊகிக்க வேண்டும். பொதுவாக எல்லாத் தொடர்களுக்கும் இரண்டாவது இதழில் விற்பனை குறையும் என்பது அவர்களுடைய அனுபவம். ஆகவே குறைத்தே போடுவார். குறைந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பதிப்பகம் ஆறாவது இதழோடு முடித்துக்கொள்ளலாம் என்று தீர்மானிக்கும். இத்தனைக்கும் கதை அருமையாக இருந்திருக்கலாம். படிக்கக் காத்திருந்த ஐம்பது பேர் அந்த ஊரிலேயே இருந்திருக்கலாம். அவர்கள் வாயைத் திறந்து கேட்கவில்லை.

கேட்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'புல் லிஸ்ட்' என்பார்கள். இந்தத் தொடர் வந்தால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள் என்று கடைக்காரரிடம் பெயர் கொடுப்பது. இதழ் வெளியாவதற்குச் சில வாரம் முன்பு, எண்ணிக்கையை மாற்ற ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளுக்குள் ஐந்து பேர் பெயர் கொடுத்திருந்தால் கடைக்காரர் ஏழு பிரதி தைரியமாகப் போடுவார். இரண்டு பேர் புதிதாகக் கையிலெடுத்துப் பார்க்கவும் வழி பிறக்கும். எழுத்தாளர்களும் ஓவியர்களும் வெளிவராத தங்கள் இதழைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இவ்வளவு விளம்பரம் எதற்கு என்று நினைக்கிறோம். வெளிவந்த பிறகு பேசிப் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் கெட்ட பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பை நம்பிப் பணம் கட்டுகிற உலகத்தில் அறிவிப்பே சரக்காகிவிடும் அபாயம் இருக்கிறது. 1991இல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, ஜிம் லீ வரைய, 'எக்ஸ்-மென்' புதிய தொடரின் முதல் இதழ் வந்தது. ஒரே கதைக்கு ஐந்து அட்டைகள். நாலு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பெரிய படம்; ஐந்தாவதில் அந்த முழுப்படமும் மடிப்பாக. எண்பது லட்சத்துக்கு மேல் போயிற்று. அத்தனை வாசகர்கள் இருந்தார்களா? இல்லை. ஒருவரே ஐந்து வாங்கினார். நாளை விலை ஏறும் என்று மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவர்களும் உண்டு. கடைகளில் தேங்கியதும் ஏராளம். வீட்டுக்கு வீடு இருக்கிற பொருளுக்கு விலை எப்படி ஏறும்?

1993இல் 'டெத்மேட்' என்று ஒன்று. இமேஜ், வேலியண்ட் என்ற இரண்டு நிறுவனங்களின் நாயகர்களும் ஒன்றுசேரும் தொடர் என்று பெரிதாக அறிவித்தார்கள். கடைகள் கைகொள்ளாமல் முன்பதிவு செய்தன. வேலியண்ட் தன் பங்கு இதழ்களை நேரத்துக்குக் கொடுத்தது. இமேஜ் தரப்பு இதழ்கள் மாதக்கணக்கில் தாமதமாயின. கடைசியில் அவை வந்தபோது கேட்க ஆளில்லை. திருப்பித் தரவும் முடியாது. சிறிய கடைகள் பல இந்த மாதிரிச் சுமைகளில்தான் மூடப்பட்டன. 1994 கடைசியில் மார்வல் சொந்தமாக ஒரு விநியோக நிறுவனத்தை வாங்கி, மற்ற விநியோகஸ்தர்களை ஒவ்வொருவராக விழவைத்தது. 1996 டிசம்பரில் மார்வலே திவால் மனு போட்டது. டயமண்ட் என்ற ஒரே நிறுவனம் மிஞ்சி, அடுத்த கால் நூற்றாண்டுக்கு அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்கான விநியோகம் ஏறக்குறைய முழுவதும் அதன் கையில் இருந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் டயமண்ட் அனுப்புவதை நிறுத்தியது. சில மாதங்களில் டிசி நிறுவனம் விலகிப்போயிற்று. 2021இல் மார்வலும் பெங்குவின் ராண்டம் ஹவுஸிடம் போயிற்று. 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு தாக்கல் செய்தது. பெரிய நிறுவனங்களுக்குப் போக வேறு இடம் இருந்தது. சிறிய பதிப்பகங்களின் புத்தகங்கள் டயமண்டின் கிடங்கில் கிடந்தன. அவை யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. நம்மைப் போன்றவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் அந்தச் சிறிய பதிப்பகங்களிலிருந்து வருகிறவை. அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

சரி, அறிவிப்புப் பக்கத்தில் எதைப் பார்ப்பது? என் பதில் ஒன்றுதான்: வரைகிறவர் பெயரைப் பாருங்கள். எழுதுகிறவர் பெயரை அடுத்துப் பாருங்கள். நாயகன் பெயரைக் கடைசியில் பாருங்கள். எண்பது வருடத்துக்கும் மேலாக பேட்மேன் வந்துகொண்டிருக்கிறார், இனியும் வருவார். அந்த முகமூடியை இந்த முறை யார் வரைகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 அக்டோபரில் டிசி நிறுவனம் 'அப்சல்யூட்' என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிரகோட்டா வரைந்த 'அப்சல்யூட் பேட்மேன்'. இதில் பேட்மேனாகும் புரூஸ் வேனுக்கு மாளிகை இல்லை, பணம் இல்லை. உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளை. அது நன்றாக விற்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், விற்றது. மறுபடி மறுபடி அச்சிட்டார்கள். என்னைக் கவர்ந்தது அதே வரிசையில் 2025இல் வந்த 'அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹண்டர்'. டெனிஸ் கேம்ப் எழுதி, ஹாவியர் ரோட்ரிகஸ் வரைந்தது. குண்டுவெடிப்பில் உயிர்பிழைத்த ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி. அதற்குப் பிறகு அவர் கண்ணுக்கு மனிதர்களின் எண்ணங்கள் வண்ணப் புகையாகத் தெரிகின்றன. தெருவில் நடந்து போகிற ஒவ்வொருவர் தலையிலிருந்தும் ஒரு நிறம் கிளம்பி அடுத்தவருடைய நிறத்தோடு கலக்கிறது. சாம்பலும் நீலமுமாக இருக்கிற அலுவலகக் காட்சியில் ஓர் ஆரஞ்சுக் கீற்று நுழைந்தால், யாரோ ஏதோ மறைக்கிறார் என்று வசனமில்லாமலே நமக்குப் புரிகிறது. எழுத்தில் இதைச் செய்ய முடியாது. சினிமாவிலும் இப்படி நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. அதிகம் பேர் அறியாத நாயகன். ஆறு இதழ் என்றுதான் முதலில் அறிவித்திருந்தார்கள். கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் பன்னிரண்டாக நீட்டினார்கள். தொகுப்பாக வாங்கிப் படியுங்கள்.

அடுத்து எமில் ஃபெர்ரிஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். சிகாகோக்காரர். நாற்பது வயதில் கொசுக்கடியால் வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். வலது கையும் செயலிழந்தது. படம் வரைந்து பிழைத்தவர். விரல்களோடு பேனாவைக் கட்டிக்கொண்டு மறுபடி வரையக் கற்றார். பிறகு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். அப்போது தொடங்கியதுதான் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்'. 1960களின் சிகாகோ. கேரன் என்ற பத்து வயதுச் சிறுமி. தன்னை ஓநாய் மனுஷியாக வரைந்துகொள்கிறாள். மாடிவீட்டில் இருந்த அங்கா என்ற பெண் இறந்துபோகிறாள். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவள். அந்த மரணத்தைக் கேரன் துப்புத் துலக்குகிறாள்.

புத்தகத்தைத் திறந்தால் அச்சிட்ட காமிக்ஸ் மாதிரியே இருக்காது. நீலக்கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. ஓரத்தில் சுருள் கம்பிக்கான துளைகள். அதன்மேல் பெரும்பாலும் சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் வரைந்த படங்கள். ஒரு முகத்தின் கன்னத்து நிழலைக் காட்ட நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்திருக்கிறார். வழக்கமான கட்டங்கள் அரிது. பக்கம் பக்கமாக வேலை செய்த கையின் பொறுமை தெரியும்.

பல பதிப்பகங்கள் வேண்டாமென்ற பிறகு சியாட்டிலில் இருக்கும் ஃபாண்டகிராஃபிக்ஸ் ஏற்றுக்கொண்டது. 2016 அக்டோபரில் வெளியீடு என்று அறிவித்தார்கள். தென்கொரியாவில் அச்சாகி, புத்தகங்கள் கப்பலேறின. அந்த நேரம் பார்த்து ஹான்ஜின் கப்பல் நிறுவனம் திவாலாகி, புத்தகங்கள் இருந்த கப்பல் பனாமாவில் நிறுத்தி வைக்கப்பட்டது. வெளியீடு 2017 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. வந்த பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும். அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதுகள் கிடைத்தன. பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழாவின் உயர்ந்த விருதும் கிடைத்தது. இரண்டாம் பாகம் உடனே வரும் என்றார்கள். வந்தது 2024இல். ஏழு வருடம். நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் வரைகிறவருக்கு ஏழு வருடம் நியாயமான காலம் என்பேன். இந்தக் கதைக்கு முன்கதையாக ஒன்று பாந்தியன் பதிப்பகத்திலிருந்து வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். என் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். எப்போது வந்தாலும் வாங்குவேன்.

காத்திருப்பைப் பற்றிப் பேசும்போது ஜப்பானிய காமிக்ஸான மங்காவை வரைந்த கென்டாரோ மியுராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1989இல் 'பெர்செர்க்' மங்காவைத் தொடங்கினார். ஒரு போர்க்களப் பக்கத்தில் ஒவ்வொரு கவசத்தின் ஆணியையும் வரைகிறவர். 2021 மே 6 அன்று 54 வயதில் காலமானார். கதை முடியவில்லை. அதோடு போயிற்று என்று எல்லாரும் நினைத்தார்கள். கதையின் முடிவை அவர் ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தார்: பள்ளிக்காலத்திலிருந்து நண்பரான கோஜி மோரி, அவரும் மங்கா ஓவியர். மியுராவின் உதவியாளர்கள் வரைய, மோரி மேற்பார்வை பார்க்க, 2022 ஜூனில் தொடர் மறுபடி தொடங்கியது. நண்பன் சொன்னதை மட்டுமே வரைவோம், நாங்களாக எதையும் சேர்க்க மாட்டோம் என்பது மோரியின் உறுதி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நாள் ஆகிறது. ஆகட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஆஸ்டெரிக்ஸ் 2013 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது, ஒற்றைப்படை ஆண்டுகளில். கோசினியும் உதெர்சோவும் உருவாக்கிய ஆஸ்டெரிக்ஸின் கிராமத்தை 2013 முதல் வரைகிறவர் திதியே கான்ராட். இப்போது எழுதுகிறவர் ஃபாப்காரோ. 2025 அக்டோபரில் வந்த கதையில் ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் லூசிடானியாவுக்கு, அதாவது இன்றைய போர்ச்சுக்கல் பக்கம், போனார்கள். வழக்கம் மாறாவிட்டால் அடுத்தது 2027இல்.

இனி, நம் நாட்டைப் பற்றி வரைந்த ஒரு வெளிநாட்டுக்காரர் வழியாக, நம் நாட்டுக்குள் வருகிறேன். ஜோ சாக்கோ மால்டாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்கிற பத்திரிகையாளர். போர் நடக்கிற, கலவரம் நடந்த இடங்களுக்குப் போய் மக்களிடம் பேசி, அந்தப் பேட்டிகளையே காமிக்ஸாக வரைகிறவர். அவருடைய 'பாலஸ்தீன்' 1993 முதல் ஒன்பது இதழ்களாக வந்தபோது கடைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. விற்பனை மிகக் குறைவு. பதிப்பகம் விடாப்பிடியாக ஒன்பதையும் வெளியிட்டது. தொகுப்பாக வந்த பிறகு 1996இல் அமெரிக்கன் புக் அவார்ட் பெற்றது. 2023இல் காசாப் போர் தொடங்கியதும் உலகம் அந்தப் பழைய புத்தகத்தைத் தேடியது. அவசரமாக மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. ஒன்பது இதழ்களையும் அன்று வாங்கிய அந்தச் சிலருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சாக்கோ முன்பே உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்துக்குப் போய், தலித் மக்களின் பட்டினியைப் பற்றி வரைந்தவர். 2013இல் அதே மாநிலத்தின் முசாஃபர்நகரில் நடந்த கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். மறுவருடம் சாக்கோ அங்கே போனார். ஜாட் விவசாயிகளிடமும் முகாம்களில் இருந்த முஸ்லிம்களிடமும் அதிகாரிகளிடமும் பேசினார். அந்தப் பயணம் புத்தகமாக ஆங்கிலத்தில் 2025இல் வந்தது: 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் ரயட்'. பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒரே சம்பவத்தை ஒவ்வொரு தரப்பும் சொல்வதை அப்படி அப்படியே வரைகிறார். ஒருவர் சொல்வது ஒரு படம். இன்னொருவர் சொல்வது வேறொரு படம். இரண்டு படங்களையும் நாம் பார்க்கிறோம். செய்தித்தாளில் இருதரப்பு மோதல் என்று ஒரு வரியில் கடந்துபோன விஷயம், கரும்புத் தோட்டமும் டிராக்டரும் எரிந்த வாசல்படியுமாகக் கண்முன்னே நிற்கிறது. இந்தியாவில் இருக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய புத்தகம். இது தமிழில் வர வேண்டும். மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' தமிழுக்கு வந்தது. ஈரானியச் சிறுமியின் கதையை நம் வாசகர்கள் தங்கள் கதையாகவே படித்தார்கள். பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே போலாக்கும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட 'வன்னி' இலங்கைப் போரின் கடைசிக் காலத்தைச் சாட்சியங்களின் அடிப்படையில் சொல்கிறது. நம் மக்களின் கதை அது. பதிப்பாளர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால் இவற்றைக் கொண்டுவரும் பொறுப்பு உங்களுடையது. அறிவிப்புச் செய்யுங்கள், பணம் கட்ட நாங்கள் இருக்கிறோம்.

பணம் கட்ட இருக்கிறோம் என்று சும்மா சொல்லவில்லை. ஃபாண்டகிராஃபிக்ஸ் என்று சொன்னேனே, 2013இல் அந்தப் பதிப்பகத்தின் பங்குதாரர் கிம் தாம்சன் புற்றுநோயில் இறந்துபோனார். ஐரோப்பியக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் இல்லாமல் பல புத்தகங்கள் நின்றுபோயின. வர வேண்டிய வருமானமும் நின்றது. மிச்சமிருந்தவர்கள் அடுத்த பருவத்தில் கொண்டுவர எண்ணியிருந்த 39 புத்தகங்களின் பட்டியலை வாசகர் முன் வைத்தார்கள். இவற்றை முன்பதிவு செய்யுங்கள், அச்சிட ஒன்றரை லட்சம் டாலர் வேண்டும் என்றார்கள். சில நாட்களிலேயே அந்தத் தொகை வந்துவிட்டது. முடிவில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. வெளிவராத 39 புத்தகங்களின் பட்டியல் ஒரு பதிப்பகத்தைத் தூக்கி நிறுத்தியது. எமில் ஃபெர்ரிஸின் புத்தகம் அதற்கு நாலு வருடம் கழித்து அங்கிருந்துதான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. சிவகாசியில் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கதை அது. 1984இல் லயன் காமிக்ஸ். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கதை முடிந்ததும் முதலில் திருப்பியது அடுத்த வெளியீடு எது என்று சொல்லும் பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தீபாவளி மலருக்குக் காசு சேர்த்தார்கள். இன்றைக்கு அங்கே இருப்பது சந்தா முறை. வருடத் தொடக்கத்திலேயே என்னென்ன கதைகள் என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். சந்தா கட்டியவர்களுக்கு மாதா மாதம் கூரியரில் வீட்டுக்கு வருகிறது. மிச்சம் புத்தகத் திருவிழாக்களில். கடைகளில் தொங்கிய காலம் போய்விட்டது.

நம் வாசகர்களின் காத்திருப்புக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984இல் தொடங்கிய பெல்ஜியத் தொடர் ஒன்று. நினைவிழந்து கரையொதுங்கும் மனிதன், காறை எலும்பருகே பச்சை குத்திய ரோமானிய எண் பதின்மூன்று. தமிழில் 'இரத்தப் படலம்'. 1980களில் தொடங்கி, பாகம் பாகமாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் பாகம் படித்தவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்களான பிறகும் மீதியைக் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2010இல் பதினெட்டு பாகங்களும் ஒரே தடித்த கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்தன. 2018இல் வண்ணத்திலும் வந்தது. வாசகர்கள் முன்பதிவுக்குப் பணம் அனுப்பியதால் வந்தது. வேறு எந்த மொழிப் பதிப்பாளரும் தன் வாசகருக்காக இப்படி ஒரு பாரத்தைச் சுமந்ததாக எனக்குத் தெரியவில்லை. வாசகர்களும் சுமந்தார்கள்.

ஒரு குறை எனக்கு உண்டு. அது நம் எல்லாரையும் சேர்ந்தது. இவ்வளவு ஆசையோடு காத்திருக்கிறோமே, காத்திருக்கும் கதைகளில் தமிழில் எழுதித் தமிழ் ஓவியர் வரைந்தது எத்தனை? பத்திரிகைகளுக்கு அட்டைப்படமும் கதைப்படமும் வரைந்தே ஆயுளைக் கழித்த மகத்தான ஓவியர்கள் நம்மிடம் இருந்தார்கள். இருநூறு பக்கக் கதை ஒன்றை வரைய உட்கார்ந்தால் இரண்டு வருடத்துக்கு அந்த ஓவியர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதற்கு முன்பணம் வேண்டும். இங்கே முன்பணம் கொடுக்கக்கூடியது வாசகர் கூட்டம் மட்டுமே. அமெரிக்காவில் பில் சூலிங் என்ற பள்ளி ஆசிரியர் கடைகளை ஒன்றுசேர்த்துக் காட்டினார். இங்கே சந்தாதாரர் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சிவகாசியிலிருந்து அடுத்த ஆண்டின் அட்டவணை வரும்போது விமர்சனம் செய்வதற்கு முன்னால் சந்தாவைக் கட்டிவிடுங்கள். முழுச் சந்தா முடியாதவர்கள் பிடித்த ஒரு பிரிவுக்காவது கட்டுங்கள். இளம் ஓவியர் யாராவது தன் முதல் காமிக்ஸுக்கு முன்பதிவு கேட்டால், மாதிரிப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோடு பிடித்திருந்தால் பணத்தை அனுப்புங்கள், வரும் வரை பொறுத்திருங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் சந்தாவை அந்தப் பிள்ளையின் பெயரில் கட்டுங்கள். கூரியர்காரர் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்கட்டும்.